பேராசிரியர் பீட்டர் கார் நினைவு இழை: அவர் கணக்குகளில் இன்னும் நிற்பவை எவை?

#1 · வட்டிக்கோடு

2022 மார்ச்சில் பீட்டர் கார் காலமானபோது இரங்கல் வரிகள் நிறைய வந்துவிட்டன. அதே ஆண்டு ஜூனில் கூரான்ட் கணித நிறுவனத்தின் மார்கோ அவெல்லனேடாவும் போய்ச் சேர்ந்தார். இருவரும் பணியாற்றிய நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு அது கெட்ட ஆண்டு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆப்ஷன் விலைக் கணக்கில் பெயர்பெற்ற நிதிக் கணித அறிஞர். யு.சி.எல்.ஏ.வில் 1989-ல் முனைவர் பட்டம். கார்னெலில் ஆசிரியர். பிறகு மார்கன் ஸ்டான்லி, பேங்க் ஆஃப் அமெரிக்கா, ப்ளூம்பெர்க், மறுபடி மார்கன் ஸ்டான்லி. ப்ளூம்பெர்க்கில் இருந்தபோதே கூரான்டின் நிதிக் கணித முதுநிலைப் படிப்புக்கும் பொறுப்பேற்றிருந்தார். 2016 முதல் அதே பல்கலைக்கழகத்தின் டாண்டன் பொறியியல் பள்ளியில் நிதி மற்றும் இடர் பொறியியல் துறையின் தலைவர். ‘ரிஸ்க்’ இதழ் 2003-ல் ஆண்டின் சிறந்த குவான்ட் (நிதிக் கணித நிபுணர்) என்று தேர்ந்தெடுத்தது.

இந்த இழையில் கணக்கு மட்டும் பேசுவோம். அவருடைய எந்தக் கட்டுரை இன்றும் டெஸ்கில் (வங்கிகளின் வர்த்தக மேசையில்) ஓடுகிறது, எது பழசாகிவிட்டது, போட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். “என் சொந்த அனுபவம்” வகைப் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 · ஸ்கியூ_ராணி

திலீப் மாடனோடு சேர்ந்து 1998-ல் வோலட்டிலிட்டி (விலை ஏற்ற இறக்கத்தின் அளவு) வர்த்தகம் பற்றி எழுதியதைத்தான் முதலில் வைப்பேன். மாடல் வேண்டும் என்று எல்லோரும் நினைத்த இடத்தில், திரையில் தெரியும் கால் (குறித்த விலையில் வாங்கும் உரிமை), புட் (விற்கும் உரிமை) விலைகளே போதும் என்று காட்டியவர் அவர். மற்ற வேலைகள் பாதிக்கும் மேல் இதிலிருந்து கிளைத்தவைதான்.

எக்ஸ்பயரி (ஒப்பந்தம் முடியும்) நாளின் விலையை மட்டும் பார்க்கும் எந்தப் பேஆஃபையும் (கடைசியில் கிடைக்கும் தொகையையும்) நான்கு துண்டாக வெட்டலாம். கொஞ்சம் பாண்டு, கொஞ்சம் ஃபார்வர்ட் (பின்னாளில் இன்ன விலைக்கு என்று இன்றே செய்யும் ஒப்பந்தம்), அந்த ஃபார்வர்ட் விலைக்குக் கீழே இருக்கும் ஸ்டிரைக்குகளில் (ஆப்ஷனில் குறித்த விலைகளில்) புட், மேலே இருப்பவற்றில் கால். ஒரு ஸ்டிரைக்கில் எத்தனை வாங்குவது? அந்த இடத்தில் பேஆஃபின் இரண்டாம் வகைக்கெழு என்னவோ, அதை ஸ்டிரைக் இடைவெளியால் பெருக்கிய அளவு. மாடல் எங்கேயும் வரவில்லை. விலை தாவினாலும் இது பொய்க்காது.

பேஆஃப் ‘மைனஸ் லாக்’ என்றால் இரண்டாம் வகைக்கெழு 1 ÷ ஸ்டிரைக்கின் வர்க்கம். வேரியன்ஸ் ஸ்வாப்பின் (வோலட்டிலிட்டியின் வர்க்கமான வேரியன்ஸை வாங்கி விற்கும் ஒப்பந்தத்தின்) எடை அங்கிருந்துதான் வருகிறது.

#3 · நெல்லை_நோட்டு

அக்கா, சூத்திரத்தை எல்லா நோட்ஸிலும் போட்டிருக்கிறார்கள். எண் வைத்து ஒரு தடவை காட்டினால் என்ன? எத்தனை புட், எத்தனை கால், ஃபியூச்சர் எவ்வளவு என்று.

#4 · கொங்கு_குவான்ட்

நான் போடுகிறேன் தம்பி, வேரியன்ஸ் ஸ்வாப்புக்கே.

ஃபார்வர்ட் 100. எக்ஸ்பயரி 30 நாள், அதாவது 30/365 ஆண்டு. வட்டி பூஜ்யம். எல்லா ஸ்டிரைக்கிலும் வோலட்டிலிட்டி 20% என்று வைத்துக்கொள்வோம். விடை 20% தான் வரவேண்டும் என்பதால் சரிபார்க்க எளிது. ஸ்டிரைக் இடைவெளி 5.

பிளாக் சூத்திரப்படி (ஆப்ஷன் விலைக்கான வழக்கமான சூத்திரம்) விலைகள்:

85 புட் 0.0036
90 புட் 0.071
95 புட் 0.566
100 (காலும் புட்டும் ஒன்றே) 2.287
105 கால் 0.645
110 கால் 0.121
115 கால் 0.015
120 கால் 0.001

ஒவ்வொன்றையும் அதன் ஸ்டிரைக்கின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டினால் 0.0003703. இடைவெளி 5-ஆல் பெருக்கினால் 0.001852. இதை 2 ÷ (30/365), அதாவது 24.33-ஆல் பெருக்கினால் 0.0451. அதுதான் ஆண்டுக் கணக்கில் வேரியன்ஸ்.

இப்போது அளவு. வேகா நோஷனல் (வோலட்டிலிட்டி ஒரு புள்ளி நகர்ந்தால் கைமாறும் தொகை) ஒரு வோல் புள்ளிக்கு ₹1 லட்சம், ஸ்டிரைக் வோல் (ஒப்புக்கொண்ட வோலட்டிலிட்டி) 20 என்று ஒப்பந்தம் இருந்தால், வேரியன்ஸ் நோஷனல் = 1,00,000 ÷ (2 × 20) = 2,500. வோல் புள்ளியின் வர்க்கத்துக்கு என்பதால் தசமக் கணக்கில் 10,000-ஆல் பெருக்கி 2.5 கோடி. 95 புட் சுமார் 3,37,000 எண்ணம். 105 கால் சுமார் 2,75,900. ஃபார்வர்டிலிருந்து ஒரே தூரம் என்றாலும் புட் கூடுதலாக வேண்டும். வர்க்கத்தால் வகுப்பதன் விளைவு.

ஃபியூச்சர் (சந்தையில் வர்த்தகமாகும் ஃபார்வர்ட்) பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டிரிப் (இந்த ஆப்ஷன் வரிசை) வாங்கியதும் வேலை முடிவதில்லை. தினமும் வைத்திருக்கவேண்டிய ஃபியூச்சர் = 2.5 கோடி × 24.33 × (1 ÷ நேற்றைய விலை − 1 ÷ ஆரம்ப விலை). விலை 95-க்கு இறங்கினால் சுமார் 3,20,000 லாங் (வாங்கிய நிலை). 100-க்குத் திரும்பினால் பூஜ்யம். இந்த டெல்டாவுக்கு (வைத்திருக்கவேண்டிய ஃபியூச்சர் அளவுக்கு) வோலட்டிலிட்டி எண் எதுவும் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். டெஸ்கில் இரண்டு பேர் எந்த வோலைப் போட்டு ஹெட்ஜ் செய்வது (இடரை ஈடுகட்டுவது) என்று சண்டை போட இங்கே இடமே இல்லை.

#5 · தீட்டா_தேய்வு

0.0451-க்கு வர்க்கமூலம் 21.2%. 20% வரவேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள். 1.2 புள்ளி எங்கே போயிற்று?

#6 · கொங்கு_குவான்ட்

கேட்பீர்கள் என்றுதான் இடைவெளியை 5 வைத்தேன்.

தொகையீட்டுக்குப் பதிலாகக் கூட்டல் போடுகிறோம். ஃபார்வர்ட் இருக்கும் இடத்தில் வளைகோடு கூர்மையாக ஒடிகிறது. இடப்பக்கம் புட் ஏறுகிறது, வலப்பக்கம் கால் இறங்குகிறது. அந்த முனையில் கூட்டல் எப்போதும் அதிகமாகவே எடுக்கும். எவ்வளவு அதிகம் என்று கையாலேயே போடலாம்: (இடைவெளி ÷ ஃபார்வர்ட்) வர்க்கம் ÷ (6 × காலம்). நம் கணக்கில் 0.0025 ÷ 0.493 = 0.0051. மேலே வந்த 0.0451-இல் இதைக் கழித்தால் 0.0400. சரியாகிவிட்டது.

இடைவெளி 1 என்றால் பிழை 0.0002, விடை 20.05%. நிஃப்டி 25,000-இல், இடைவெளி 50 என்றால் இந்தப் பிழையை மறந்தேவிடலாம். ₹1,000 விலையுள்ள பங்கில் இடைவெளி 20 என்றால் 20 என்பது 20.2 ஆகும். காலம் வகுத்தியில் இருப்பதால் எக்ஸ்பயரி நெருங்க நெருங்கப் பிழை வீங்கும்.

இன்னொரு பொறி. மேலே உள்ள கணக்கில் 95, 100, 105 மூன்றை மட்டும் வைத்துப் போடுங்கள்: 20.6% வரும். எட்டு ஸ்டிரைக் வைத்ததைவிட மூன்று ஸ்டிரைக் ‘துல்லியமாக’த் தெரிகிறது! காரணம், ஓரங்களை வெட்டியதில் குறைந்ததும் நடுவில் கூடியதும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. விடை சரியாக வந்துவிட்டது என்பதால் நிரல் சரி என்று நம்பக்கூடாது. இடைவெளியைப் பாதியாக்கி ஒரு தடவை, ஓரத்தை அகட்டி ஒரு தடவை, தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

#7 · ஸ்கியூ_ராணி

இதோடு சேர்த்து: ஃபார்வர்ட் சரியாக ஒரு ஸ்டிரைக்கில் உட்காருவதில்லை. அதற்கு அடுத்துக் கீழே இருக்கும் ஸ்டிரைக்கை நடுப்புள்ளியாக எடுத்து, அங்கே கால், புட் இரண்டின் சராசரியைப் போட்டு, (ஃபார்வர்ட் ÷ அந்த ஸ்டிரைக் − 1) வர்க்கம் ÷ காலம் என்பதைக் கழிக்கவேண்டும். 2003-ல் சிகாகோ எக்ஸ்சேஞ்ச் விக்ஸ் (சந்தை எதிர்பார்க்கும் வோலட்டிலிட்டி) குறியீட்டை மாற்றியமைத்தபோது சூத்திரத்தின் கடைசித் துண்டாக வந்தது இதுதான். அதுவரை எஸ் அண்ட் பி 100-இன் அட்-த-மணி (ஸ்டிரைக் இன்றைய விலையை ஒட்டிய) ஆப்ஷன்களை மட்டும் பார்த்த குறியீடு, அன்றிலிருந்து எஸ் அண்ட் பி 500-இன் முழு ஸ்டிரிப்புக்கு மாறியது.

நம் தேசியப் பங்குச் சந்தை 2008-ல் கொண்டுவந்த இந்தியா விக்ஸும் அதே முறைதான், நிஃப்டி ஆப்ஷன்களை வைத்து. ஒரு வித்தியாசம் உண்டு. சிகாகோவில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டிரைக்கில் பிட் (வாங்குவோர் சொல்லும் விலை) பூஜ்யம் என்றால் அதற்கப்பால் வெட்டிவிடுவார்கள். இங்கே ஒழுங்கான கோட் (விலைக் குறிப்பு) இல்லாத ஸ்டிரைக்குகளுக்கு க்யூபிக் ஸ்ப்ளைன் (வழவழப்பான வளைகோடு) போட்டு விலையை நிரப்புகிறார்கள். வீட்டில் எக்செல்லில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு எண் ஒத்துவராததற்குப் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி, கடைசியாக வர்த்தகமான விலையை எடுப்பது. ஓரத்து ஸ்டிரைக்கில் கடைசி விலை காலையில் நடந்ததாக இருக்கும். பிட், ஆஃபர் (விற்போர் சொல்லும் விலை) இரண்டின் நடுவிலைதான் எடுக்கவேண்டும்.

#8 · தீட்டா_தேய்வு

வேரியன்ஸ் ஸ்வாப்பைப் புகழ்கிறவர்கள் 2008 நெருக்கடியையும் சொல்லவேண்டும். ஸ்டிரிப் ஹெட்ஜ் கச்சிதமானது என்று நம்பி விற்றவர்கள் அடிபட்டார்கள். “விலை தாவினாலும் பொய்க்காது” என்று #2-இல் ராணி அக்கா சொன்னது லாக் பேஆஃபுக்குச் சரி, வேரியன்ஸுக்குச் சரியில்லை.

#9 · ஸ்கியூ_ராணி

ஆமாம், இரண்டும் வேறு. லாக் பேஆஃபை ஸ்டிரிப் அப்படியே தரும். லாக்கிலிருந்து வேரியன்ஸுக்குப் போகும் படியில்தான் தாவல் இடிக்கிறது.

ஒரே நாளில் லாக் கணக்கில் 20% விழுந்தது என்று வையுங்கள். ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டியது 0.2 × 0.2 = 0.0400. ஸ்டிரிப்பும் ஃபியூச்சரும் சேர்ந்து தருவது 2 × (0.8187 − 1 + 0.2) = 0.0375. விற்றவர் கையில் 6% போலக் குறைகிறது. இதே அளவு ஏறினால் அவருக்கு மிச்சம். பிழையின் முதல் துண்டு தாவலின் கனத்தில் (அதை மூன்று முறை பெருக்கியதில்) மூன்றில் ஒரு பங்கு. குறி தாவலின் திசையைப் பின்பற்றும். பங்குச் சந்தை தாவுவது பெரும்பாலும் கீழ்ப்பக்கம் என்பதால் விற்றவர்தான் அடிபடுவார்.

2008-இன் பெரிய அடி இதனால் மட்டும் வந்ததல்ல. தனிப் பங்குகளில் விலை பாதிக்கும் கீழே போனபோது, அங்கே வாங்கி வைத்திருக்கவேண்டிய தாழ்ந்த ஸ்டிரைக் புட்கள் யாரிடமும் இல்லை; ஆரம்பத்தில் பட்டியலிலேயே இல்லை. ஸ்டிரிப்பின் இடது ஓரம் காலியாக இருந்தால், விலை அந்தப் பக்கம் போகும் நாளில் ஹெட்ஜ் இல்லை என்றே பொருள். தனிப் பங்கு வேரியன்ஸில் ஸ்டிரைக் வோலின் 2.5 மடங்கு என்று உச்சவரம்பு வைப்பது இதற்காகத்தான். அந்த வரம்பே வோலட்டிலிட்டியின் மேல் ஒரு ஆப்ஷன். அதற்கு மாடல் வேண்டும். சுத்தமான ஸ்டிரிப் கணக்கு அங்கே முடிந்துபோகிறது.

காரும் மாடனும் இதே கட்டுரையில் காரிடார் வேரியன்ஸையும் போட்டிருக்கிறார்கள். விலை ஒரு பட்டைக்குள் இருக்கும் நாட்களின் வேரியன்ஸை மட்டும் எண்ணுவது. பட்டைக்கு வெளியே இருக்கும் ஸ்டிரைக்குகளை ஸ்டிரிப்பிலிருந்து எடுத்துவிட்டால் போதும். கிடைக்காத ஸ்டிரைக்கை நம்பி விற்பதைவிட இது நாணயமான ஒப்பந்தம்.

#10 · லாக்நார்மல்

வேரியன்ஸிலேயே நிற்கவேண்டாம். காரும் மாடனும் 1999-ல் எழுதிய, ஆப்ஷன் விலை போடும் ஃபாஸ்ட் ஃபூரியர் கட்டுரைதான் அதிகம் பேர் கையில் புழங்குவது. அதில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே நூலகத்திலிருந்து ஓட்டுகிறவர்கள் நிறைய.

சிக்கல் இது: கால் விலையை லாக் ஸ்டிரைக்கின் சார்பாக வைத்து நேரடியாக ஃபூரியர் மாற்றம் எடுக்க முடியாது. ஸ்டிரைக் பூஜ்யத்தை நோக்கிப் போகும்போது கால் விலை பங்கு விலையிலேயே நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதில்லை. அதனால் ஒரு தணிப்பு அடுக்கைப் பெருக்கினார்கள். அதன் பெயர் ஆல்ஃபா. பெருக்கி, மாற்றம் எடுத்து, திரும்பி வரும்போது வகுத்துவிடலாம். மாடலின் சிறப்பியல்புச் சார்பு (நிகழ்தகவு அடர்த்தியின் ஃபூரியர் வடிவம்) கையில் இருந்தால் போதும். அடர்த்திச் சார்பு தேவையில்லை.

வழக்கமான அமைப்பு: புள்ளிகள் 4,096, படி 0.25, ஆல்ஃபா 1.5, சிம்ப்சன் எடைகள். இதிலிருந்து லாக் ஸ்டிரைக் இடைவெளி தானாக வரும்: 2 பை ÷ (4,096 × 0.25) = 0.00614. படியைக் குறைத்தால் ஸ்டிரைக் இடைவெளி கூடும். இரண்டையும் ஒன்றாக இறுக்க முடியாது. இறுக்கவேண்டுமானால் புள்ளிகளைக் கூட்டவேண்டும்.

ஆல்ஃபாவுக்கு உச்சவரம்பு உண்டு. பங்கு விலையின் (ஆல்ஃபா + 1)-ஆவது அடுக்குக்குச் சராசரி முடிவுள்ளதாக இருக்கவேண்டும். அந்த வரம்பில் கால்வாசி நல்ல தேர்வு என்று கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

#11 · புது_மாணவர்

அண்ணா, வேரியன்ஸ் காமா (விலை தாவல்களாலேயே நகரும்) மாடலை வைத்து இதைத்தான் போட்டேன். அளவுருக்கள் சிக்மா 0.12, நியூ 0.2, தீட்டா −0.14. ஓராண்டு ஆப்ஷனுக்கு விலை சரியாக வருகிறது. 7 நாள் ஆப்ஷனுக்கு, தூரத்து ஸ்டிரைக்குகளில் விலை மேலும் கீழும் ஆடுகிறது. சில இடத்தில் நெகட்டிவ். ஆல்ஃபா தப்பா?

#12 · லாக்நார்மல்

ஆல்ஃபா இல்லை தம்பி. இந்த எண்களுக்கு வரம்பு: 1 + 0.028 × அடுக்கு − 0.00144 × அடுக்கின் வர்க்கம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கவேண்டும். அடுக்கு 37.8 வரை போகலாம், ஆல்ஃபா 36.8 வரை. 1.5 வைத்ததில் குற்றமில்லை.

குற்றம் காலத்தில். வேரியன்ஸ் காமாவின் சிறப்பியல்புச் சார்பு ஒரு அடைப்புக்குறி, அதன் அடுக்கு −(காலம் ÷ நியூ). ஓராண்டுக்கு அடுக்கு −5. தொகையீடு முடியும் இடம் 4,096 × 0.25 = 1,024; அங்கே அடைப்புக்குறி சுமார் 1,510. −5 அடுக்கு எடுத்தால் 10-இன் −16 அடுக்கு வரிசையில் போய்விடும். பிறகு எதுவும் மிச்சமில்லை. 7 நாளுக்கு அடுக்கு −0.096. அதே 1,024-இல் மதிப்பு இன்னும் 0.5! பாதி அலை உயிரோடு இருக்கும்போது வெட்டுகிறாய். வெட்டிய இடம் விலையில் ஆட்டமாகத் தெரிகிறது. தூரத்து ஸ்டிரைக்கில் உண்மை விலையே மிகச் சின்னது என்பதால் அங்கே நெகட்டிவாகிறது.

செய்யவேண்டியது: குறைந்த காலத்துக்குக் கால் விலையை விட்டுவிட்டு, அவுட்-ஆஃப்-த-மணி (இப்போதே முடிந்தால் எதுவும் தராத) ஆப்ஷனின் டைம் வேல்யூவுக்கு (மிச்ச காலத்துக்கான மதிப்புக்கு) மாற்றம் எடு. 1999 கட்டுரையின் இரண்டாம் முறையே அது. அடுக்குத் தணிப்புக்குப் பதிலாக ஹைபர்பாலிக் சைன் போட்டிருப்பார்கள். முதல் முறையை மட்டும் நகலெடுத்த நிரல்கள்தான் இணையத்தில் அதிகம்.

இன்னொன்று, காலம் நியூவில் பாதிக்கும் கீழே இருந்தால் இந்த மாடலின் அடர்த்திக்கே ஒரு இடத்தில் எல்லையில்லா முனை உண்டு. எந்த எண்முறை போட்டாலும் அதன் பக்கத்தில் கஷ்டம்தான்.

சரிபார்க்க: ஆல்ஃபாவை 1, 1.5, 3 என்று மாற்றி ஓட்டு. ஆல்ஃபா கணக்குக்காக வைத்தது. விலை அதைச் சார்ந்திருக்கவே கூடாது. மாறினால் தொகையீடு முடியவில்லை என்று பொருள்.

#13 · தீட்டா_தேய்வு

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, ஆனால் இந்த முறைக்கு வயதாகிவிட்டது. 4,096 ஸ்டிரைக் விலை வருகிறது என்கிறீர்கள். லாக் ஸ்டிரைக் −12.57-லிருந்து 12.57 வரை. ஃபார்வர்டுக்கு இருபக்கமும் 20%-க்குள் இருப்பவை எத்தனை? 0.405 ÷ 0.00614 = 66. மீதி 4,030 விலைகள் யாருக்கும் வேண்டாதவை. அந்த 66-உம் சந்தை ஸ்டிரைக்கில் உட்காராது, இடைச்செருகல் போடவேண்டும். ஃபாங், ஊஸ்டர்லே 2008-ல் கொண்டுவந்த காஸ் (கொசைன் தொடர்) முறையில் கேட்ட ஸ்டிரைக்குக்கே விலை வரும்; வழவழப்பான மாடலுக்கு நூற்றிருபது, நூற்றைம்பது உறுப்புகளே தாராளம்.

#14 · லாக்நார்மல்

வேகத்தில் காஸ் ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். பின்னப் ஃபூரியர் போட்டால் அந்த 66-ஐ நெருக்கிப் போடலாம், அது வேறு கதை. ஆனால் காஸுக்கும் வெட்டு எல்லை தேர்ந்தெடுக்கவேண்டும். அதைக் குறுக்கினால் கால் விலையில் தெரியும். புட்டுக்குப் போட்டு, புட்-கால் பாரிட்டியில் (இரண்டின் விலையையும் இணைக்கும் சமன்பாட்டில்) காலுக்கு மாற்றுவது நல்லது. மேலே மாணவர் கேட்ட 7 நாள் வேரியன்ஸ் காமா காஸையும் திணறடிக்கும். அங்கே நூற்றைம்பது உறுப்பு போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும்.

எது வேகம் என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சிறப்பியல்புச் சார்பு இருந்தால் மாடல் இருக்கிறது என்ற நிலையை 1999-க்குப் பிறகு எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். 2002-ல் கெமன், மாடன், யோர் மூவரோடும் கார் எழுதிய சி.ஜி.எம்.ஒய். மாடலுக்கு (நான்கு பேர் பெயரின் முதலெழுத்து) அடர்த்தி எளிய வடிவில் இல்லை. சிறப்பியல்புச் சார்பு ஒரே வரி. ஃபூரியர் இல்லாமல் அதை யாரும் சந்தை விலையோடு பொருத்திப் பார்த்திருக்கமாட்டார்கள். அதில் கடைசி அளவுரு பூஜ்யம் என்றால் வேரியன்ஸ் காமா. 1-க்கு மேல் போனால் சின்னத் தாவல்கள் அவ்வளவு நெருக்கமாகி, பாதையின் மொத்த ஏற்ற இறக்கமே எல்லையில்லாததாகிறது.

ஹெஸ்டன் (வோலட்டிலிட்டியே மாறிக்கொண்டிருக்கும் மாடல்) போடுகிறவர்களுக்கு ஓரமாக ஒரு எச்சரிக்கை: சிறப்பியல்புச் சார்பை 1993-ன் மூல வடிவில் எழுதினால், நீண்ட காலத்துக்குக் கலப்பெண் லாக் கிளை தாவி விலை உடையும். அதே சார்பைக் குறி மாற்றி எழுதும் வடிவம் உண்டு; அதை எடுங்கள். பழி ஃபூரியர் முறைமேல் விழுவதைப் பார்த்துச் சலித்துவிட்டது.

#15 · நெல்லை_நோட்டு

பேரியர் (குறித்த விலையைத் தொட்டால் உயிர்பெறும் அல்லது ரத்தாகும்) ஆப்ஷனுக்கு எல்லிஸ், குப்தாவோடு 1998-ல் எழுதிய ஸ்டாட்டிக் ஹெட்ஜ்? நேர்த்தி என்றால் அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு தடவை வாங்கி வைத்துவிட்டு, பேரியரைத் தொட்டால் விற்றுவிட்டுப் போவது.

#16 · கொங்கு_குவான்ட்

நேர்த்தி உண்டு. நிபந்தனைகளைப் படிக்காமல் எடுத்தால் கையைச் சுடும்.

டவுன்-அண்ட்-அவுட் கால் (பேரியருக்கு இறங்கினால் ரத்தாகும் கால்), ஸ்டிரைக் 100, பேரியர் 90, விலை இப்போது 100. விற்றவர் செய்யவேண்டியது: 100 கால் ஒன்று வாங்கு, 81 புட் 1.111 விற்று வை. 81 எப்படி? பேரியரின் வர்க்கம் ÷ ஸ்டிரைக், 8,100 ÷ 100. 1.111 என்பது 100 ÷ 90. விலை 90-ஐத் தொடும் கணத்தில் இரண்டும் ஒரே மதிப்பு. மூன்று மாதம் மிச்சம், வோல் 20% என்றால் 100 கால் 0.713, 81 புட் 0.642, 1.111-ஆல் பெருக்கினால் 0.713. கால் விற்ற காசில் புட்டைத் திருப்பி வாங்கிவிட்டு எழுந்துபோகலாம். எந்த நாளில் தொட்டாலும் சரி. தொடவே இல்லை என்றால் புட் காலாவதி, கால் பேஆஃப் தரும்.

இப்போது நிஜச் சந்தையின் ஸ்கியூவை (ஸ்டிரைக்குக்கு ஸ்டிரைக் வோல் மாறுவதை) போடுங்கள். 90-இல் நிற்கும்போது 81 புட்டின் வோல் 23%, 100 காலின் வோல் 18%. கால் 0.508. புட் 0.956, 1.111 புட் 1.062. கையிலிருந்து 0.55 போடவேண்டும். காலின் விலையைவிடக் குறையே பெரியது!

புட்-கால் சமச்சீர் இருக்கும் சந்தையில், அதாவது ஸ்மைல் (ஸ்டிரைக்குகளின் வோல் வளைகோடு) இருபக்கமும் ஒத்து, கேரி (வைத்திருக்கும் செலவு) பூஜ்யமாக இருக்கும்போது மட்டும் இது நிற்கும். ஃபியூச்சரின் மேல் எழுதிய ஆப்ஷன் என்றால் கேரி தொல்லை இல்லை. வட்டி வித்தியாசம் குறைந்த நாணய ஜோடிகளில் பரவாயில்லை. பங்குக் குறியீட்டில் இப்படியே எடுத்து ஓட்டக்கூடாது. கேப் திறப்பும் (நேற்று மூடிய விலையிலிருந்து தாவித் திறப்பது) உண்டு: 91-இல் மூடி 85-இல் திறந்தால் சமநிலைப் புள்ளியைத் தாண்டியாகிவிட்டது, புட் விலை ஏறி ஓடியிருக்கும்.

#17 · தீட்டா_தேய்வு

எல்லாப் புகழும் ஒருவருக்கே போகிறது. ஸ்டிரைக் வழியாக இரண்டாம் வகைக்கெழு எடுத்து அடர்த்தியைப் பிடிக்கலாம் என்று பிரீடனும் லிட்சன்பெர்கரும் 1978-லேயே சொன்னது. லாக் ஒப்பந்தம் நியூபெர்கருடையது. வேரியன்ஸ் ஸ்வாப்பை டெஸ்க்காரர்களுக்குப் புரியவைத்தது 1999-ல் கோல்ட்மேனிலிருந்து டெர்மன் குழு எழுதிய குறிப்பு.

#18 · வட்டிக்கோடு

அதையெல்லாம் மறுக்கவில்லை. கார் கட்டுரைகளின் மேற்கோள்களைப் பார்த்தால் அவரும் மறைக்கவில்லை என்று தெரியும். துண்டுகள் தனித்தனியாக இருந்தன. ஒரு ஆப்ஷன் டேபிளை வைத்துக்கொண்டு என்னென்ன விற்கலாம், வாங்கலாம் என்ற பட்டியலாக அவற்றை மாற்றியவர் அவர். லியூரென் வூவோடு 2009-ல் எழுதியதைப் பாருங்கள்: ஐந்து குறியீடு, 35 பங்குகளுக்கு ஸ்டிரிப் போட்டு, சந்தை கேட்கும் வேரியன்ஸையும் பிறகு நடந்த வேரியன்ஸையும் ஒப்பிட்டார்கள். குறியீடுகளில் சந்தை தொடர்ந்து அதிகம் கேட்கிறது; பங்குக்குப் பங்கு நிலைமை வேறு. #6-இல் கொங்கு சொன்ன இடைவெளிப் பிழையை ஒழுங்காகக் கட்டுப்படுத்தாமல் அந்த ஒப்பீட்டைப் போட்டால், பிரீமியம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு வெறும் கூட்டல் பிழையாகப் போய்விடும். பிழையின் திசையும் அதே பக்கம்.

#19 · புது_மாணவர்

டைம் வேல்யூ முறையில் மாற்றினேன் அண்ணா, ஆட்டம் நின்றுவிட்டது. இன்னொரு கேள்வி. ஜாரோவோடு 1990-ல் எழுதிய ஸ்டாப்-லாஸ் ஸ்டார்ட்-கெய்ன் கட்டுரை வகுப்பில் வந்தது. விலை 100-க்கு மேல் போனால் பங்கை வாங்கு, கீழே வந்தால் விற்றுவிடு. கடைசியில் கால் பேஆஃப் கையில் இருக்கும், செலவு பூஜ்யம். அப்படியானால் ஆப்ஷனுக்கு எதற்கு விலை? விடை ‘லோக்கல் டைம்’ என்று போட்டிருக்கிறது, உள்ளே போகவில்லை.

#20 · கொங்கு_குவான்ட்

#4-இன் எண்களையே வை. 100 கால், 30 நாள், விலை 2.287.

சரியாக 100-இல் யாரும் வாங்கி விற்க முடியாது. 100.10-இல் வாங்குகிறாய், 99.90-இல் விற்கிறாய் என்று வைத்துக்கொள். ஒரு சுற்றுக்கு 0.20 நஷ்டம். 30 நாளில் சராசரியாக எத்தனை சுற்று வரும்? சுமார் 11. மொத்தம் 2.29 போல. பட்டையைப் பத்தில் ஒன்றாக்கு: 100.01, 99.99. சுற்றுக்கு 0.02 தான் நஷ்டம். ஆனால் சுற்று சுமார் 114 ஆகிவிடும். மொத்தம் மறுபடி 2.29. பட்டையை எவ்வளவு ஒடுக்கினாலும் சுற்று அதே விகிதத்தில் பெருகும், பெருக்கல் நகராது. விலை 100-இன் மேல் ஊசலாடும் அந்த நேரத்தின் அளவுதான் லோக்கல் டைம். அதன் சராசரியில் பாதி 2.287.

எக்செல்லில் போடுவதானால் நாள் ஒன்றுக்கு ஒரு படி வைக்காதே. தினம் ஒரு தடவை மட்டும் பார்த்தால் விலை பட்டையைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும், 100.01-இல் வாங்குவதாக நினைத்து 101.30-இல் வாங்கியிருப்பாய், சுற்று எண்ணிக்கையும் மேலே சொன்னதோடு ஒட்டாது. 0.10 பட்டைக்கு ஒரு படியின் சராசரி அசைவு 0.02-க்குக் கீழே இருக்கட்டும். 30 நாளில் மொத்த அசைவு 5.7 என்பதால், அதற்கு ஒரு பாதைக்கு 80,000 படிக்கு மேல் வேண்டும்.